தெர்மாகோல் பனாமா

கப்பல் மலையேறும் என்று எங்கள் வீட்டில் முதன்முதலில் சொன்னவர் என் சித்தப்பா. டெல்லியில் கோல் மார்க்கெட் பக்கத்து அரசாங்கக் குவார்ட்டர்ஸில், மாடிப்படிக்கு முன்னால் விழுந்த குளிர்கால வெயிலில் பிரம்பு மோடா போட்டு உட்கார்ந்து, வேர்க்கடலை உரித்துக்கொண்டே சொன்னார். அப்பா செய்தித்தாளைத் தாழ்த்தி அவரை ஒருமுறை பார்த்துவிட்டு மறுபடி உயர்த்திக்கொண்டார். அம்மா, "தம்பி, இன்னும் ரெண்டு கடலை எடுத்துக்கிடுங்க" என்றாள். ஒருவரை நம்பவில்லை என்பதை எங்கள் வீட்டில் இதைவிட மரியாதையாகச் சொல்ல முடியாது.

தொண்ணூறுகளின் நடுப்பகுதி. எனக்குப் பன்னிரண்டு வயது. இப்போது ஊரில் எந்தக் கல்யாணத்துக்குப் போனாலும் என்னைச் சுற்றி நாலு பேர் சிரித்துக்கொண்டு நிற்பார்கள். அவர்களில் எவருக்கும் இந்தக் கதையை நான் சொன்னதில்லை. இதிலும் சிரிக்க இடம் உண்டு. சொல்லி முடித்த பிறகு என் முகத்தை எங்கே வைத்துக்கொள்வது என்பதுதான் பிரச்சினை.

சித்தப்பா பதினோரு வருடம் சரக்குக் கப்பல்களில் சமையல்காரருக்கு உதவியாளாக இருந்தவர். கடைசிக் கப்பலிலிருந்து இறங்கி ஊருக்கு வந்தபோது தூத்துக்குடி பஸ் ஸ்டாண்டில் யாரோ அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு போய்விட்டார்கள். பையில் இரண்டு லுங்கி, ஒரு ஜப்பான் டார்ச், அவருடைய கப்பல் புத்தகம். டார்ச் போனதற்கு ஊரே வந்து துக்கம் விசாரித்தது. புத்தகம் போனதன் அர்த்தம் அவருக்கு மட்டும்தான் தெரிந்திருந்தது. எந்தக் கப்பலில் எப்போது ஏறினார், எங்கே இறங்கினார் என்பதெல்லாம் முத்திரை முத்திரையாக அதில்தான் இருக்கும். அது கையில் இல்லாதவன், கப்பல் ஏஜெண்டின் கண்ணுக்கு, கடற்கரையில் காற்று வாங்க வந்தவன். மறுபுத்தகம் கேட்டு எழுதிப் போட்டார். அவர் வேலை பார்த்த கம்பெனியை அதற்குள் மூடிவிட்டிருந்தார்கள். இவர் வேலை பார்த்தார் என்று சொல்ல ஆள் இல்லை. விண்ணப்பம் ஊர் ஊராகப் போய், கடைசியில் டெல்லியில் ஒரு பெரிய அதிகாரியின் முடிவுக்காகப் படுத்துவிட்டது.

டெல்லியில்தான் அண்ணன் இருக்கிறாரே என்று ஊரில் அவரை ரயிலேற்றிவிட்டார்கள். ஊர்க்காரர்களைப் பொறுத்தவரை டெல்லியில் குடியிருக்கும் எவனும் காலையில் மந்திரியோடு டீ குடித்துவிட்டுத்தான் ஆபீஸ் போவான். அப்பா வேறொரு அமைச்சகத்தின் மூன்றாம் மாடியில் கோப்புகளுக்கு எண் போடுகிறவர். அவருடைய செல்வாக்கு அந்த மாடியின் வாட்டர் கூலர் வரை செல்லும். கூலருக்கு அந்தப்பக்கம் அவரை யாருக்கும் தெரியாது. இதைத் தம்பியிடம் சொல்ல அவருக்கு வாய் வரவில்லை. "பாத்துக்கிடலாம்ல" என்றார். இரண்டு மாதமாகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள். சித்தப்பா தினமும் காலையில் அந்தக் கட்டடத்துக்குப் போய், வரவேற்பறையில் பாஸ் கிடைக்காமல் உட்கார்ந்திருந்துவிட்டு, சாயங்காலம் திரும்பி வந்து அம்மாவுக்கு வெங்காயம் உரித்துக் கொடுப்பார். கண்ணீர் வராமல் வெங்காயம் உரிக்கும் மனிதரை நான் அதுவரை பார்த்ததில்லை.

உரிக்கும்போது கதை சொல்வார். சூயஸில் கப்பல்கள் வரிசை கட்டிக் காத்திருந்து, ஒன்றன்பின் ஒன்றாகக் கோயில் யானை மாதிரி போகுமாம். இரண்டு பக்கமும் மணல். தண்ணீரே கண்ணுக்குத் தெரியாது, பாலைவனத்தில் கப்பல் நடந்துபோகிற மாதிரி இருக்கும், அன்றைக்கு வடிக்கிற சோற்றில் எல்லாம் மணல் கடிக்கும் என்பார். பனாமாவில் அதற்கு நேர்மாறு. நடுவில் மலை, மலைமேல் ஏரி. கப்பலை ஒரு தொட்டிக்குள் விட்டுக் கதவைச் சாத்தித் தண்ணீரை நிரப்புவார்கள். கப்பல் தானாக மேலே வரும். அடுத்த தொட்டி, மறுபடி நிரப்பு. மூன்று படி ஏறினால் ஏரி. ஏரியைக் கடந்து மறுபக்கம் மூன்று படி இறங்கினால் இன்னொரு மகா சமுத்திரம். எனக்கு இது பிரமாதமான புளுகாகப் பட்டது. நானும் அந்தத் துறையில் ஓரளவு பெயரெடுத்தவன் என்பதால் அவர்மேல் ஒரு தொழில்முறை மரியாதை வந்தது.

பள்ளியில் கண்காட்சி வந்தது அப்போதுதான். பூகோள மேடம் எங்கள் வகுப்புக்கு உலகத்தின் பெரிய கால்வாய்களைக் கொடுத்தார். கீல் கால்வாய் கிடைத்த பெண்ணுக்காக வகுப்பே பரிதாபப்பட்டது. ஜெர்மனியின் கழுத்தில் ஒரு கோடு, இந்தப்பக்கம் ஒரு கடல், அந்தப்பக்கம் ஒரு கடல், அவ்வளவுதான். சூயஸுக்கு என் பக்கத்து பெஞ்சு பங்கஜ் கை தூக்கினான். இரண்டு கடலும் கிட்டத்தட்ட ஒரே மட்டம், கதவு கிடையாது, தொட்டி கிடையாது, மணலும் நீலப் பெயின்டும் போதும் என்று கணக்குப் போட்டவன் அவன். பனாமாவுக்கு மூன்று பேர் அடித்துக்கொண்டோம். நான் எழுந்து, என் சாச்சா, அதாவது சித்தப்பா, கப்பல் கேப்டன், பனாமா வழியாக அவரே கப்பல் ஓட்டிக்கொண்டு போயிருக்கிறார் என்றேன். வெங்காயக் கத்தியிலிருந்து கப்பல் சுக்கானுக்கு அவரை உயர்த்த எனக்கு அரை விநாடிகூட ஆகவில்லை. பனாமா எனக்கே கிடைத்தது.

வீட்டில் வந்து சொன்னதும் சித்தப்பாவுக்கு இருப்புக்கொள்ளவில்லை. மறுநாள் அந்த அலுவலகத்துக்கே போகாமல் எனக்காகத் தெர்மாகோல் வாங்க வந்தார். மருந்தகத்துக் கம்பவுண்டரிடம் கெஞ்சி குளுக்கோஸ் டியூப் வாங்கினோம். மூன்று பிளாஸ்டிக் டப்பாக்கள் தொட்டிகள். எக்ஸ்ரே தாளை வெட்டிக் கதவு. சோப்பு டப்பா கப்பல். தொட்டிகள் ஒழுகின, சித்தப்பா பஞ்சில் மெழுகுவர்த்தியை உருக்கி ஊற்றி, கட்டைவிரலால் ஓரம் ஓரமாக அமுக்கி அடைத்தார். விரல் சுட்டதாகத் தெரியவில்லை. முதல்தடவை டியூபில் தண்ணீர் விட்டபோது சோப்பு டப்பா மெல்ல மெல்ல எழும்பி அடுத்த தொட்டியின் விளிம்புக்கு வந்தது. அம்மா கரண்டியோடு சமையலறையிலிருந்து வந்து பார்த்தாள். "அப்ப நிஜமாவே ஏறுமா தம்பி?" என்று கேட்டாள். இரண்டு மாதத்தில் அவரை யாராவது அப்படிக் கேட்டது அதுதான் முதல்தடவை.

சிக்கல் பெயர் ஒட்டும்போது வந்தது. நான் வலது ஓரத்தில் அட்லாண்டிக் என்றும் இடது ஓரத்தில் பசிபிக் என்றும் எழுதி ஒட்டினேன். சோப்பு டப்பா வலமிருந்து இடமாக, அதாவது கிழக்கிலிருந்து மேற்காகப் போகும். சித்தப்பா தலையைச் சாய்த்துப் பார்த்தார்.

"ஏலே, இது திரும்பி இருக்கு. நாங்க அட்லாண்டிக்லேருந்து பசிபிக் போகும்போது கிழக்கப் பாத்துல்லா போனோம்."

நான் சிரித்தேன். அமெரிக்காவுக்குக் கிழக்கே அட்லாண்டிக், மேற்கே பசிபிக் என்பது மூன்றாம் வகுப்புப் பாடம். கிழக்குக் கடலிலிருந்து மேற்குக் கடலுக்குப் போக எவனாவது கிழக்கே போவானா? அப்பாவைக் கூப்பிட்டேன். அப்பா என் பாடப்புத்தகத்தின் உலகப் படத்தைப் பார்த்தார், பென்சிலால் ஒரு கோடு இழுத்தார், புத்தகத்தைத் தம்பியின் மடியில் வைத்தார்.

சித்தப்பா விடவில்லை. அன்று காலை முன்தளத்தில் உட்கார்ந்து, கப்பலின் மூக்கைப் பார்த்தபடி உருளைக்கிழங்கு சீவிக்கொண்டிருந்தாராம். வெயில் நேரே மூஞ்சியில் அடித்ததாம். எரிச்சலில் மூட்டையைத் தூக்கிக்கொண்டு இடம் மாறி உட்கார்ந்தாராம். "காலை வெயில் மேற்கேருந்தா அண்ணே வரும்?" என்றார்.

"ஒனக்கு வந்திருக்கும்" என்றார் அப்பா.

நான் விழுந்து விழுந்து சிரித்தேன். சித்தப்பாவும் கொஞ்சம் சிரித்தார். லேபிள் ஒட்டியபடியே இருந்தது.

கண்காட்சிக்கு மூன்று நாள் இருக்கும்போது பள்ளி டைரியில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுத்தார்கள். சிறப்பு விருந்தினராக வரப்போகிறவரின் பெயரும் பதவியும் அதில் இருந்தன. அப்பா அதைப் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தார். சித்தப்பாவின் விண்ணப்பம் எந்த மேஜையில் படுத்திருந்ததோ, அந்த மேஜைக்காரர். அவர் மகள் எங்கள் பள்ளியில் படித்தாளாம். இரண்டு மாதம் வரவேற்பறையில் தவம் கிடந்தும் கண்ணில் படாத மனிதர், என் தெர்மாகோல் மலைக்கு முன்னால் தாமாக நடந்து வரப்போகிறார்.

அன்றைக்கு எங்கள் வீட்டில் நடந்தது போர் ஆலோசனை. அப்பா லீவு கேட்டுப் பார்த்தார், கிடைக்கவில்லை. சித்தப்பா மட்டும் என்னோடு வருவது, மாடலுக்குப் பக்கத்தில் நிற்பது என்று முடிவாயிற்று. தபால் ஆபீஸ் வாசலில் ஒரு டைப்ரைட்டர்காரரிடம் ஒரு பக்க மனு அடித்தார்கள். அப்பா தன்னுடைய ஆபீஸ் கோட்டை எடுத்துக் கொடுத்தார். கை முழங்கைக்குக் கொஞ்சம் கீழேயே நின்றுவிட்டது. எனக்கு ஒரே ஒரு வேலை. கப்பல் மேலே ஏறி, எல்லோரும் கைதட்டி, அதிகாரி என் முதுகில் தட்டும்போது நான் ஒரே ஒரு வாக்கியம் சொல்ல வேண்டும்: சார், இவர் என் சித்தப்பா, கப்பலில் வேலை பார்த்தவர், இதே கால்வாயைக் கடந்தவர். அதை ஆங்கிலத்தில் எழுதிக் கொடுத்து அப்பா என்னை இருபது தடவை சொல்ல வைத்தார். மீதியைச் சித்தப்பாவும் மனுவும் பார்த்துக்கொள்ளும்.

அந்த மூன்று நாளும் எனக்குத் தூக்கம் பிடிக்கவில்லை. மனுவை நினைத்து இல்லை. வகுப்பில் நான் அறிவித்துவைத்திருந்த கேப்டனை நினைத்து.

கண்காட்சியன்று மாடலைத் தலையில் வைத்துச் சுமந்துகொண்டு வந்தவர் அவர்தான். தண்ணீர் வாளி அவர் கையில். நான் இருபதடி முன்னால், சம்பந்தமில்லாதவன் மாதிரி நடந்தேன். ஹாலில் மேஜைமேல் எல்லாம் அடுக்கி முடித்ததும் பங்கஜ் வந்து, கேப்டன் சாச்சா எப்போது வருவார் என்று கேட்டான். நேற்றே கப்பல் கிளம்பிவிட்டது, போகவேண்டியதாகிவிட்டது என்றேன். அப்புறம் இது யார் என்று கண்ணால் காட்டினான். குட்டைக் கோட்டும் குல்லாவுமாகச் சித்தப்பா ஒரு துணியால் பனாமாவின் கரையைத் துடைத்துக்கொண்டிருந்தார். சாமான் தூக்க வந்தவர் என்றேன். இது எனக்குக் கொஞ்சம் உறுத்தியது. ஆனாலும் முக்கால் பங்கு உண்மைதானே என்று தேற்றிக்கொண்டேன். பொய்யில் எத்தனை பங்கு உண்மை என்று அளந்து பார்ப்பதில் எனக்கு அந்த வயதிலேயே நல்ல தேர்ச்சி.

அதிகாரி வந்தார். கழுத்துவரை பொத்தான் போட்ட கறுப்புக் கோட், அதில் ஒரு ரோஜா. பின்னால் பிரின்சிபால், அவருக்குப் பின்னால் மேடம்கள், அவர்களுக்குப் பின்னால் பியூன். பங்கஜின் சூயஸில் பாரோ மன்னர்கள் காலத்துக் கால்வாயைப் பற்றி அவன் ஒப்பித்ததைக் கேட்டுத் தலையசைத்துவிட்டு என் முன்னால் நின்றார். நான் ஒரே மூச்சில் சொன்னேன்: பிரெஞ்சுக்காரர்கள் சூயஸ் மாதிரியே இங்கேயும் நேராக வெட்டிவிடலாம் என்று வந்து, காய்ச்சலிலும் மண்சரிவிலும் மாட்டித் திரும்பிப் போனது, பிறகு அமெரிக்கர்கள் வந்து மலையை வெட்டுவதற்குப் பதில் கப்பலையே தூக்கிவிடலாம் என்று ஏரியை உண்டாக்கியது, தென் அமெரிக்காவைச் சுற்றிக்கொண்டு போகவேண்டிய கப்பல்களுக்கு எத்தனை நாள் மிச்சம் என்பது. சித்தப்பா பின்னாலிருந்து டியூபைத் திறந்தார். சோப்பு டப்பா எழும்பியது. ஒரு தொட்டி, இரண்டு தொட்டி, மூன்றாவது. ஒரு சொட்டு ஒழுகவில்லை. கைதட்டினார்கள். அதிகாரி என் முதுகில் தட்டினார்.

என் வாக்கியம் வரவேண்டிய இடம். தொண்டைவரை வந்தது. பங்கஜ் ஒரு கஜ தூரத்தில் நின்றுகொண்டிருந்தான். நான் எச்சில் விழுங்கினேன். வாக்கியமும் கூடவே இறங்கிவிட்டது.

அந்த இடைவெளியில் அதிகாரி, தனக்கும் பூகோளம் தெரியும் என்று காட்ட வேண்டாமா, கப்பல் இப்போது எந்தத் திசையில் போகிறது என்று கேட்டார். கிழக்கிலிருந்து மேற்கு, சார் என்றேன். வெரிகுட் என்றார்.

"நஹி சாப்" என்றது ஒரு குரல்.

சித்தப்பா. கோட்டின் உள்பைக்குள் மனுவைத் தொட்டுக்கொண்டிருந்த கையோடு ஓரடி முன்னால் வந்திருந்தார். "லட்கே கா கஸூர் நஹி, சாப். கிதாப் மே ஐசா ஹை. மகர் உதர் ஜஹாஸ் பூரப் ஜாதா ஹை." பையனுடைய தப்பு இல்லை, புத்தகத்தில் அப்படி இருக்கிறது, ஆனால் அங்கே கப்பல் கிழக்கேதான் போகும்.

வாயை மூடிக்கொண்டு மனுவை நீட்டியிருக்கலாம் அந்த மனிதர். பின்னாளில் எத்தனையோ முறை அவர்மேல் எனக்கு இந்தக் கோபம் வந்திருக்கிறது. நான் தப்பாகப் படித்துக்கொண்டிருக்கிறேனே என்று அவருக்குப் பொறுக்கவில்லை. பெரிய மனிதர் ஒருவர் அதற்கு வெரிகுட் வேறு சொல்லிவிட்டார்.

அதிகாரி முதலில் புரியாமல் பார்த்தார். பிறகு சிரித்தார். அட்லாண்டிக்கிலிருந்து கிழக்கே போனால் ஆப்பிரிக்கா அல்லவா வரும், பனாமா எப்படி வரும் என்றார். அதிகாரி சிரித்ததும் பிரின்சிபால் சிரித்தார், பிரின்சிபால் சிரித்ததும் மேடம்கள் சிரித்தார்கள், கடைசியாகப் பியூன் சிரித்தார். பதவி வரிசை தவறாமல் சிரிப்பு பரவியதை நான் அன்றுதான் முதலில் பார்த்தேன். சித்தப்பா சொல்ல முயன்றார்: சாப், நான் போயிருக்கிறேன், என் கண்ணால் பார்த்தேன், வெயில் முகத்தில் அடித்தது. வெயில் என்றதும் இன்னும் சிரித்தார்கள். அதிகாரி என் பக்கம் குனிந்தார்.

"யே கௌன் ஹை, பேட்டா? துமாரே கர் கே ஹை?"

யார் இவர், உங்கள் வீட்டு மனிதரா என்று அவரே கேட்கிறார். அப்பா இருபது தடவை சொல்ல வைத்த வாக்கியத்துக்கு அதிகாரியே வாசலைத் திறந்து வைத்துக்கொண்டு நிற்கிறார். ஒழுகாத பனாமாவுக்கும் சேர்த்து என் உள்ளங்கை இரண்டும் ஒழுகுகின்றன. பங்கஜ் பார்க்கிறான், கீல் கால்வாய்ப் பெண் பார்க்கிறாள், மேடம் பார்க்கிறார். என் மூளை அந்த நேரத்தில் செய்த ஒரே வேலை, இந்தியில் வேகமாகச் சொன்னால் சித்தப்பாவுக்குப் புரியாது என்று கண்டுபிடித்ததுதான். ஒரு நிமிஷத்துக்கு முன்னால் அவர் இந்தியில்தான் பேசினார் என்பது அதற்கு நினைவில்லை. பதினோரு வருடம் கப்பலில் அவர் தின்றதும் திட்டு வாங்கியதும் அந்த மொழியில்தான் என்பது அதற்குத் தெரியவே தெரியாது.

"நஹி சார்" என்றேன். "காவ் கே ஆத்மி ஹை. ஐசே ஹி போல்தே ரஹ்தே ஹை."

இல்லை சார். ஊர்க்காரர். சும்மா இப்படித்தான் ஏதாவது சொல்லிக்கொண்டே இருப்பார்.

அதிகாரி அனுதாபமாகத் தலையாட்டினார். அனுதாபம் எனக்கு, அப்படிப்பட்ட ஆளைச் சமாளிக்கவேண்டிய பிள்ளை என்று. கீல் கால்வாய்க்கு நகர்ந்துவிட்டார்.

நான் திரும்பிப் பார்க்கவில்லை. ஆனால் ஓரக்கண் என்று ஒன்று இருக்கிறதே. சித்தப்பா உள்பையிலிருந்து கையை வெறுமனே எடுத்தார். கோட்டின் பொத்தான்களைக் கீழேயிருந்து மேலே ஒவ்வொன்றாகப் போட்டார். பிறகு டியூபின் நுனியை வாளிக்குள் விட்டு, தொட்டிகளிலிருந்து தண்ணீரை வடிக்க ஆரம்பித்தார். தரையில் சிந்திவிடக் கூடாது என்று.

எனக்கு இரண்டாம் பரிசு கிடைத்தது. முதல் பரிசு பங்கஜின் மணலுக்குப் போனது. அதற்காகவும் நான் அன்று வருத்தப்பட்டேன் என்பதை இங்கே ஒப்புக்கொள்கிறேன்.

பள்ளியிலிருந்து வீட்டுக்கு நடந்தோம். மாடல் அவர் தலைமேல், பரிசு டிபன் பாக்ஸ் என் கையில். மந்திர் மார்க் திருப்பத்தில், "கையப் பிடிச்சுக்கோ, வண்டி வருது" என்றார். பிடித்துக்கொண்டேன். அவருக்கு ஒன்றும் புரியவில்லை என்பதற்கு அதைவிடச் சாட்சி எனக்கு வேண்டியிருக்கவில்லை.

சாயங்காலம் அப்பா ஆபீஸிலிருந்து செருப்பைக்கூடக் கழற்றாமல், "கொடுத்தியால?" என்றுதான் நுழைந்தார். நான் கழிப்பறைக்குள் போய்த் தாழ்ப்பாள் போட்டுக்கொண்டேன். உள்ளே நின்று, இப்போது கதவு இடிபடும், இப்போது இடிபடும் என்று எண்ணிக்கொண்டிருந்தேன். வெளியே சித்தப்பாவின் குரல்தான் கேட்டது.

"கூட்டம்ணே. பக்கத்துல போகவே விடல."

அப்பாவுக்கு வந்த கோபம் இரண்டு வீடு தாண்டிக் கேட்டிருக்கும். கையெட்டும் தூரத்தில் வந்த ஆளை விட்டுவிட்டு வந்திருக்கிறாய், வாயில் என்ன கொழுக்கட்டையா வைத்திருந்தாய், உனக்காக ஒரு சின்னப்பையனைப் பழக்கி அனுப்பினேனே, அவனாவது சொன்னானா என்று கேட்டார்.

"அவன் சொன்னாம்ணே. எனக்குத்தான் வாய் வரல" என்றார் சித்தப்பா.

எனக்கு வந்த நிம்மதியை எப்படிச் சொல்வது. குழாயைத் திறந்து முகத்தைக் கழுவிக்கொண்டு, விசில் அடித்தபடி வெளியே வந்தேன். அம்மா டிபன் பாக்ஸைப் பக்கத்து வீட்டுப் பஞ்சாபி ஆண்ட்டிக்குக் காட்டிக்கொண்டிருந்தாள். சித்தப்பா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தார்.

திங்கட்கிழமை பள்ளி நூலகத்தில் பெரிய அட்லஸை எடுத்தேன். நல்லெண்ணத்தில் இல்லை. அவர் சொன்னது தப்பு என்பதற்கு ஒரு கெட்டியான ஆதாரம் கையில் இருந்தால் நான் சொன்னதில் பாதி நியாயமாகிவிடும் என்று ஒரு கணக்கு. மத்திய அமெரிக்கா முழுப் பக்கத்துக்குப் பெரிதாக இருந்தது. பனாமாவைப் பார்த்தேன். அட்லஸைத் திருப்பிப் பார்த்தேன். மேஜைக்கு அந்தப்பக்கம் போய்ப் பார்த்தேன். நூலகர் என்னடா தொலைத்தாய் என்று கேட்டார்.

அந்த இடத்தில் நிலம், இரண்டு அமெரிக்காக்களுக்கும் நடுவே, நிமிர்ந்து நிற்காமல் படுத்துக் கிடக்கிறது. படுத்ததோடு நில்லாமல் பாம்பு மாதிரி வளைகிறது. அட்லாண்டிக் வடக்கே, பசிபிக் தெற்கே. கால்வாயோ சாய்ந்து ஓடுகிறது. அட்லாண்டிக் வாசல் மேற்கே இருக்கிறது, பசிபிக் வாசல் அதற்குக் கிழக்கே. ஸ்கேல் வைத்து அளந்தேன். பசிபிக்குக்குப் போகும் கப்பல் காலை வெயிலை மூஞ்சியில் வாங்கிக்கொண்டுதான் போயாக வேண்டும். உருளைக்கிழங்கு சீவுகிறவன் எரிச்சலில் இடம் மாறித்தான் உட்கார வேண்டும்.

அன்று மதியமே, கணக்குப் பாடத்துக்கு நடுவில், அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதினேன். மதிப்புக்குரிய ஐயா, குட்டைக் கோட் போட்டிருந்தவர் சொன்னது சரி, அட்லஸ் பார்க்கவும் என்று. கையெழுத்துக்குப் பதில் 'பூகோளத்தின் நண்பன்' என்று போட்டேன். அப்புறம் யோசித்தேன். அவர் அட்லஸ் பார்ப்பார், மாடல் தப்பு என்று தெரியும், டிபன் பாக்ஸைத் திரும்பக் கேட்பார்கள், பிரின்சிபால் கூப்பிடுவார், அப்பாவைக் கூப்பிடுவார்கள், ஊர்க்காரர் யார் என்று விசாரணை வரும், என்னைப் பள்ளியிலிருந்து நீக்குவார்கள், அப்பாவுக்கு வேலை போகும், குவார்ட்டர்ஸைக் காலி செய்யச் சொல்வார்கள். இத்தனையும் கணக்கு வாத்தியார் ஒரு பின்னத்தைச் சுருக்கி முடிப்பதற்குள் என் தலைக்குள் நடந்து முடிந்துவிட்டது. கடிதத்தை நான்காகக் கிழித்து நான்கு வெவ்வேறு குப்பைத்தொட்டியில் போட்டேன். உளவாளிகள் அப்படித்தான் செய்வார்கள் என்று கேள்விப்பட்டிருந்தேன்.

மூன்று வாரம் கழித்து விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டதாக ஒரு பழுப்பு உறை வந்தது. கப்பலில் பணியாற்றியதற்குப் போதிய ஆதாரம் இல்லை என்று ஒரே வரி. நான் அந்த ஒரு வாக்கியத்தைச் சொல்லியிருந்தாலும் அந்த மனிதர் கையெழுத்துப் போட்டிருக்கப்போவதில்லை என்று எனக்காக நானே எத்தனையோ முறை வாதாடியிருக்கிறேன். நல்ல வாதம். இதுவரை ஒருமுறையும் ஜெயித்ததில்லை. சித்தப்பா அதற்கப்புறம் கப்பலேறவில்லை. ஊரில் ஒரு மாணவர் விடுதியில் நூற்றைம்பது பேருக்குச் சமைத்தார், ஓய்வு வரைக்கும்.

அவரை ரயிலேற்றிவிட நானும் அப்பாவும் போனோம். சித்தப்பா ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தார். அப்பா தண்ணீர் பாட்டில் வாங்கப் போனார். பிளாட்பாரத்தில் நானும் ஜன்னல் கம்பிக்கு அந்தப்பக்கம் அவரும். ஒரு நல்ல பிள்ளையாக, இன்றைக்கு எல்லாவற்றையும் சரிசெய்துவிடுவது என்று நான் தீர்மானித்துக்கொண்டுதான் போயிருந்தேன்.

"சித்தப்பா."

"என்னல."

"நீங்க சொன்னதுதான் சரி. பெரிய அட்லஸ்ல பாத்துட்டேன். அங்க நிலம் படுத்துக் கிடக்கு. கப்பல் கிழக்கதான் போகுது."

அவர் என்னைப் பார்த்தார். ஜன்னல் கம்பியில் இருந்த என் விரல்கள்மேல் தன் கையை வைத்தார். கட்டைவிரலில் மெழுகு சுட்ட இடம் சொரசொரப்பாக இருந்தது.

"சரி. வேற?" என்றார்.

"வேறன்னா?"

"வேற ஏதும் சொல்லணுமால?"

நான் நன்றாக யோசித்தேன். சத்தியமாக யோசித்தேன். வண்டி கிளம்பும் அறிவிப்பு தொடங்கிவிட்டது, அப்பா பாட்டிலோடு ஓடி வந்துகொண்டிருந்தார், அவர் இன்னும் என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"ஆமா சித்தப்பா" என்றேன். "வெறும் கிழக்குன்னு சொல்லக்கூடாது. தென்கிழக்குன்னு சொல்லணும். நான் அளந்து பாத்தேன்."

அவர் கையை எடுத்துக்கொண்டார். "சரிடே, நல்லா படி" என்றார்.

வண்டி நகர்ந்தது. அப்பா கையசைத்தார், நானும் அசைத்தேன். தான் சொன்னதுதான் சரி என்று ஒருவன் வந்து ஒப்புக்கொண்டும் சந்தோஷப்படத் தெரியாத மனிதராக இருக்கிறாரே என்று எனக்கு அவர்மேல் கொஞ்சம் வருத்தமாகக்கூட இருந்தது.